கூனிமுனையில் துரு நின்றுபோன கதை

கூனிமுனையில் இரும்பு என்பது கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் கழிமுகம், நடுவே நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற மணல்மேட்டில் நூற்றிருபது வீடுகள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் உப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே அங்கே பங்குனியில் வாங்கிய பூட்டு ஆடியில் தன் சாவியை மறந்துவிடும், ஆடியில் மாட்டிய கீல் ஐப்பசியில் கதவைக் கைவிடும், சீதனமாக வந்த பீரோ முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குள் முதுகு ஓட்டையாகி எறும்புகளுக்கு வாசல் திறந்துவிடும். இதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. துரு தின்றது போக மிச்சம்தான் நமக்கு என்று வாழப் பழகிய சனம் அது.

இரும்பைத் தின்கிற அதே உப்புக்காற்றுதான் கோபத்தையும் தின்கிறது என்பதும் அந்த ஊரின் நம்பிக்கை. அதனால் கூனிமுனையில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தம்பி வலையை அண்ணன் அறுத்தாலும், சம்பந்தியைச் சம்பந்தி நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாலும், ‘காத்து பாத்துக்கிடும்’ என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள். மூன்று நாள், ஏழு நாள், மிஞ்சிப் போனால் ஒரு மாதம். கோபம் ஓரம் உதிர்ந்து, நடு மெலிந்து, ஒரு நாள் காலையில் பார்த்தால் அது இருந்த இடத்தில் ஒரு கறைதான் இருக்கும். அப்புறம் ஒருவர் தீப்பெட்டி கேட்பார், மற்றவர் கொடுப்பார், சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

மெக்கானிக் தஸ்நேவிஸ் இந்த நம்பிக்கையில் ஊரிலேயே முதல் ஆள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் மனைவி பிரகாசி அவனோடு பேசாமல் இருந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அவனும் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சமாதானம் சொன்னதில்லை. என்ன குற்றத்துக்கு எத்தனை நாள் என்று மனசுக்குள் ஒரு அட்டவணை வைத்திருந்தான், அதன்படி பொறுமையாக இருப்பான், அட்டவணை இதுவரை அவனைக் கைவிட்டதில்லை.

அவன் பார்த்துக்கொண்டது ஊர்ப்பொதுவான மோட்டார் படகை. பேர் சமாதானராணி. எங்கோ ஒரு துறைமுகத்தில் ரோந்து சுற்றிக் களைத்துப்போய் ஏலத்துக்கு வந்ததை ஊர்க்கமிட்டி எடுத்து வந்திருந்தது. கழிமுகத்துக்கு அக்கரையில்தான் பெரிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம். ஆக அந்தப் படகுதான் கூனிமுனைக்குக் கால். அதன் எஞ்சின் படகுக்குள் உட்கார்ந்திருக்கும். படகைத் தள்ளும் காற்றாடியைச் சுழற்றுகிற கனத்த கால் ஒன்று மட்டும் பின்பலகைக்கு வெளியே தண்ணீருக்குள் தொங்கும். ஊரில் அதை வால் என்பார்கள். வாலைப் பின்பலகையோடு பிடித்துவைத்திருந்தவை எட்டு போல்ட்டுகள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும், சந்தைக்குப் போகிற பெண்கள் ஆறு பேரையும், கமிட்டித் தலைவர் வஸ்தியானையும், அவர் மடியிலிருந்து இறக்காத தோல்பையையும் ஏற்றிக்கொண்டு சமாதானராணி கழிமுகத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தஸ்நேவிஸ் எட்டிப் பார்த்தான். வால் பால்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கயிற்றைப் போட்டு அதைக் கட்டி, தானே குப்புறப் படுத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வஸ்தியானை விசைப்பிடியைப் பார்க்கச் சொல்லி, நத்தை வேகத்தில் அக்கரை சேர்த்தான். பிள்ளைகள் பயப்படவில்லை, அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தஸ்நேவிஸ்தான் பயந்தான். இறங்கியதும் இருபத்திரண்டு பேரையும் இரண்டு தடவை எண்ணினான்.

பிறகு படகை வள்ளங்களில் கட்டி இழுத்துவந்து கூனிமுனை மணலில் ஏற்றி வாலைக் கழற்ற ஆரம்பித்தான். எட்டு போல்ட்டில் மூன்றின் தலை ஸ்பானர் பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மூன்று போல்ட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, ஒரு பகல் பூராவும் கெஞ்சி, கடைசியில் கெட்ட வார்த்தை சொன்ன பிறகுதான் வெளியே வந்தன. மீதி இரண்டு இடத்தில் போல்ட்டே இல்லை. போல்ட்டின் வடிவத்தில் துருதான் இருந்தது, இத்தனை நாள் அது பழக்க தோஷத்தில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கெல்லாம் காரணம் வாலின் அடியில், ஒன்பது பூச்சு நீலப் பெயிண்டுக்குள், வைத்த நாளில் இருந்தது போலவே கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. அது ஒரு துத்தநாகக் கட்டி.

“அண்ணாச்சி, இது என்னன்னு தெரியுமா?” என்று தஸ்நேவிஸ் வஸ்தியானைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“கட்டி.”

“எதுக்கு வச்சிருக்கான்?”

“அழகுக்கு.”

“திங்கதுக்கு அண்ணாச்சி. உப்புத்தண்ணிக்கு எதையாவது தின்னாத்தான் தீரும். மொதல்ல இதத் தின்னுட்டு மத்தத விட்டுரட்டும்னு வச்சிருக்கான். நீங்க வருசா வருசம் பெயிண்ட அடிச்சு மூடிப்புட்டீங்க. இது சாப்பாட்டுக்கு ஆளாகாம குண்டா இருக்கு, போல்ட்டெல்லாம் செத்துக் கெடக்கு.”

“எலே, மாதாவ ஏத்துற படகுலே. திருவிழா அன்னைக்கு அடியில ஒரு கட்டி மட்டும் வெள்ளையா பல்ல இளிச்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?”

கூனிமுனை வழக்கம் அப்படி. திருவிழாவுக்கு முந்தின வாரம் எல்லாப் படகும் ஒரு இஞ்ச் விடாமல் நீலம் பூச வேண்டும். வஸ்தியான் அறுபத்தாறு வயசிலும் முட்டிக்கால் போட்டு, ஒவ்வொரு படகின் அடியிலும் தலையை விட்டுப் பார்த்துத்தான் சரி சொல்வார். அன்றைக்கு இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ‘பெயிண்டு டப்பாவுக்குப் பிறந்தவர்’ என்று தஸ்நேவிஸ் சொல்ல, அவர் தோல்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தஸ்நேவிஸ் கவலைப்படவில்லை. அட்டவணைப்படி அது நாலு நாள்.

பெயிண்டைச் செதுக்கும்போது பழைய கட்டி இரண்டாக உடைந்தது. புது போல்ட்டுகள் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் அக்கரைக்கு வந்து, வள்ளத்தில் ஊர் சேர்ந்தன. புதுக் கட்டி வர பத்து நாளாகும் என்றார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை. கட்டியை நானே வார்த்துவிட்டுப் போகிறேன் என்று தஸ்நேவிஸ் முடிவு செய்தான். டார்ச்சில் போடுகிற பேட்டரியின் மேல்தகடு துத்தநாகம். கடலுக்குப் போகிற ஊரில் செத்த பேட்டரிக்கா பஞ்சம்? நூற்றுக்கணக்கில் உடைத்துத் தகட்டை உரித்து, பழைய கட்டியின் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டான். உருக்குவதற்குத்தான் பாத்திரம் கிடைக்கவில்லை. ஊரில் ஓட்டையில்லாத இரும்புச் சட்டி ஒன்றுகூடக் கிடையாது, அலுமினியம் அந்தச் சூட்டைத் தாங்காது. பிரகாசி அக்கரையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அடுக்களைக்குள் போனான்.

அங்கே அவளுடைய மீன்குழம்புச் சட்டி இருந்தது. பதினொரு வருஷத்துச் சட்டி. அதைக் கழுவ அவள் சோப்பைக் கிட்டே கொண்டுபோனதில்லை, அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுத்ததில்லை, காயவைப்பதற்கென்று முருங்கை மரத்தடியில் தனி இடமே வைத்திருந்தாள். மண்சட்டிக்கு மீன் என்றால் என்ன என்று புரிய ஏழு வருஷம் ஆகும் என்பாள். அந்தச் சட்டியில் வெறும் புளியையும் உப்பையும் கொதிக்கவைத்தாலே நெத்திலி வாசம் வரும். தஸ்நேவிஸ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “சட்டிதானே,” என்றான்.

கரி அடுப்பில் ஊதுகாற்று வைத்து அவன் துத்தநாகத்தை உருக்கியபோது தெரு முழுக்கச் சாளைக்குழம்பு வாசம் வீசியது. அக்கம்பக்கத்தார் வந்து இன்றைக்கு என்ன மீன் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நடுவில் ஒரு இரும்புப்பட்டையை வைத்து, பெரிய தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வாலைத் தூக்கி நிறுத்தி, ரப்பரும் பசையும் வைத்து, எட்டு போல்ட்டையும் எதிரும் புதிருமாக முடுக்கி, அடியில் புதுக் கட்டியைப் பூட்டினான். ‘இதில் ஒரு சொட்டுப் பெயிண்டு பட்டால் கையை முறிப்பேன்’ என்று கரியால் பின்பலகையில் எழுதினான். சமாதானராணி தண்ணீரில் இறங்கியது, திங்கட்கிழமை பிள்ளைகள் பரீட்சைக்குப் போனார்கள்.

பிரகாசி அன்று சாயங்காலம் வந்தாள். சட்டியை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் பாலேடு கட்டினாற்போல் ஈயநிறத்தில் ஒரு தகடு ஒட்டியிருந்தது. அவள் சட்டியை அடுப்புமேடையில், போகும்போதும் வரும்போதும் அவன் கண்ணில் படுகிற இடத்தில் கவிழ்த்துவைத்தாள், பேச்சை நிறுத்தினாள். சட்டிக்கு ஒன்பது நாள் என்று தஸ்நேவிஸ் கணக்குப் போட்டுக்கொண்டான்.

அந்த ஒன்பது நாளுக்குள்தான் ஊரில் துரு நின்றுபோனது.

முதலில் கண்டுபிடித்தவள் தொடக்கப்பள்ளி டீச்சர். மூன்றாம் வகுப்பில் துருப்பிடித்தல் பாடத்துக்காக நாற்பது ஆணிகளை நாற்பது டம்ளர் உப்புத்தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். எந்த வருஷமும் இரண்டாம் நாளே சிவந்துவிடும் ஆணிகள் எட்டாம் நாளும் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தன. ‘இரும்பு துருப்பிடிக்கும்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு மார்க் போடுவதா வேண்டாமா என்று அவள் தலைமையாசிரியரிடம் கேட்க, அவர் ‘கூனிமுனை நீங்கலாக’ என்று சேர்த்து எழுதியவர்களுக்கு மட்டும் முழு மார்க் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கோயில் கேட் கிறீச்சிடவில்லை. சைக்கிள் சங்கிலி பத்து நாளாக அறுபடவில்லை. அரிவாள்மனை மழுங்க மாட்டேன் என்கிறது, பாதிப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிகிறார்கள். கூரைத் தகரத்தில் ஓட்டை வளராமல், போன மாதம் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் நட்சத்திரங்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கடல் ஒரு வருஷம் மீனைக் கொடுக்கும், ஒரு வருஷம் தொட்டால் அரிக்கிற சொறிமுட்டையைக் கொடுக்கும். இந்த வருஷம் இப்படி. தஸ்நேவிஸ் மட்டும் கடல் உள்வாங்கிய வற்றுநீரில் இறங்கிப் படகின் அடியைத் தடவிப் பார்த்தான். சிரட்டையளவு இருந்த கட்டி எலுமிச்சையளவு ஆகியிருந்தது. படகுக்கு மட்டும் என்றால் ஒரு வருஷம் வர வேண்டியது. ஊர் முழுவதன் உப்பும் ஒரே இடத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் அடுத்த கட்டியை வார்த்தான். இந்தத் தடவை புதிதாக வாங்கிய இரும்புச்சட்டியிலேயே வார்க்க முடிந்தது, அதுதான் இப்போது ஓட்டையாவதில்லையே.

கமிட்டி கூடி, வீட்டுக்கு வாரம் நாலு செத்த பேட்டரி கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மாதா சிலை வைத்த கெபியில் மெழுகுவர்த்தியோடு பேட்டரியும் காணிக்கையாக வர ஆரம்பித்தது. ‘செத்ததக் கொண்டு வாங்க, உசிரோட இருக்கிறத வேண்டாம்’ என்று சாமியார் பூசையில் அறிவிக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் பீரோவையும் தையல் மிஷினையும் கொண்டுவந்து உறவுக்காரர் வீடுகளில் காற்று மாற்றத்துக்கு வந்த நோயாளிகளைப் போலக் கிடத்திவிட்டுப் போனார்கள். இரும்புக்கடை காசிம் பாய் மட்டும் ஒரு டம்ளர் உப்புத்தண்ணீரில் பூட்டைப் போட்டுக் கல்லாவில் வைத்து, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலே மறுபடி மறுபடி பூட்டு விற்பதுதான்.

ஒன்பதாம் நாள் தஸ்நேவிஸ் குளித்து, எண்ணெய் வைத்து, நம்பிக்கையோடு சாப்பிட உட்கார்ந்தான். பிரகாசி முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து, “சோறு ஆறுது,” என்றாள். குழம்பு அலுமினியப் பாத்திரத்தில் வைத்தது, அதன் ருசியிலேயே அது தெரிந்தது. பத்தாம் நாளும் செடியிடம்தான் பேசினாள். பதினேழாம் நாளும். அவன் எத்தனையோ எஞ்சினைத் திறந்து பார்த்தவன், தேய்மானம் எங்கே இருக்கும் என்று தெரிந்தவன். பெண்டாட்டியின் கோபத்தையும் அப்படித்தான் ஓரக்கண்ணால் பரிசோதித்தான். ஓரம் உதிரவில்லை, புள்ளிகூட விழவில்லை, நேற்றுத்தான் கடையிலிருந்து பிரித்த மாதிரி இருந்தது. இருபத்தைந்தாம் நாள் அவன் அட்டவணையை மனசுக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தான். அவளோடு பேசாமல் ஒரு மாதம் இருந்துவிடலாம், அவள் கோபம் ஒரு நாள் ஓயும் என்று தெரிந்திருந்தால். ஓயவே ஓயாது என்றால் அந்த வீட்டில் அவன் யார்?

வெளியே வந்து பார்த்தால் ஊரே அப்படி இருந்தது. டீக்கடையில் காலையில் மூண்ட சண்டை சாயங்காலமும் அதே சூட்டில் இருந்தது, மறுவாரமும் இருந்தது. வஸ்தியான் அவனைக் கண்டால் இன்னும் தோல்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார், நாலு நாள் கணக்கு நாற்பது நாளாகிவிட்டது. கோழி விவகாரத்தில் பேசாமல்போன அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு நடுவே தட்டி கட்டினார்கள். காசிம் பாய் கடையில் சங்கிலியும் பூட்டும் மறுபடி விற்க ஆரம்பித்தன, அவர் டம்ளரைக் கொட்டிவிட்டார். பீடத்தில் சாமியாரும் பதில் செபம் சொல்கிற உபதேசியாரும் பேசிக்கொள்ளாததால் பூசையில் பாதி செபம் பதில் இல்லாமலே போனது.

அதிகம் அவஸ்தைப்பட்டது சமாதானராணிதான். முப்பது பேரை ஒரே நடையில் கொண்டுபோன படகு இப்போது ஏழு நடை போக வேண்டியிருந்தது. இவள் ஏறினால் அவள் ஏற மாட்டாள், அவர் இடது பக்கம் என்றால் இவர் அடுத்த படகு, அடுத்த படகு என்று ஒன்று கிடையாது. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு சேராது என்று தஸ்நேவிஸ் பின்பலகையில் கரியால் எழுதி வைத்தான். அது இரண்டாம் வாரமே பலகையில் இடமில்லாமல் வெளிப்பக்கம் திரும்பியது. கடைசியில் ஒரு நாள் பிரசவவலி கண்ட பெண்ணை ஏற்றியபோது கூட வந்த மாமியாரும் அம்மாவும் ஒரே படகில் உட்கார மாட்டோம் என்று நிற்க, அந்தப் பெண்ணே வலிக்கு நடுவில் எழுந்து இரண்டு பேரையும் கெட்ட வார்த்தை சொல்லி ஏற்றினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இரண்டு பாட்டிகளும் அதை வெவ்வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கமிட்டி மறுபடி கூடியது. யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்கள்.

“கோவம் தேய மாட்டேங்குது,” என்றார் வஸ்தியான் மின்விசிறியிடம். “இரும்பு தேயாத ஊர்ல கோவம் எப்படித் தேயும்? கட்டிக்குப் பெயிண்ட அடிச்சு மூடிரணும். துரு திரும்பி வரட்டும். வார்த்தவன் எவனோ அவனே அடிக்கட்டும்னு அவன்ட்ட சொல்லு.”

“போல்ட்டு போயிருமேன்னு கேளு,” என்றான் தஸ்நேவிஸ், அதே மின்விசிறியிடம்.

“ரெண்டு வருசம் தாங்கும்லா? பெறவு மாத்திக்கிடலாம். வீட்டுல பொண்டாட்டி மொகத்தப் பாத்து நாப்பத்தெட்டு நாளாச்சுன்னு அவனுக்கும் தெரியும்லா, யோசிச்சுக்கிடச் சொல்லு.”

அது அவனுக்கு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அவர்கள் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். அவன் பிரஷ்ஷோடு மறுநாள் காலை வற்றுநீரில் இடுப்பளவு இறங்கினான். கரையில் பாதி ஊர், ஆளுக்கு ஆள் இரண்டு கை இடைவெளி விட்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டி ஊசிப்போன வெண்ணெய் மாதிரி அங்கங்கே குழிந்திருந்தது. அதற்கு மேலே எட்டு போல்ட்டுகளும் போட்ட அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தன. ஒரு நாலு இழுப்பு நீலம் போதும். துரு வரும், பத்துப் பதினைந்து நாளில் பிரகாசியின் கோபம் ஓரம் உதிரும், அவள் கறிவேப்பிலைச் செடியை விட்டுவிட்டு இவன் பக்கம் திரும்புவாள். அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்றால் பிரஷ்ஷை நனைத்து, கட்டிக்கு ஒரு விரல்கடை தூரம் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். அப்போது மேலே படகுக்குள், பரீட்சை முடிந்த பிள்ளைகள் விளையாட்டாக ஏறி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வால் ஆடியபோது பாடிய அதே பாட்டுத்தான், அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தஸ்நேவிஸ் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்து, இருபத்திரண்டு வந்ததும் பிரஷ்ஷைக் கடலில் போட்டான்.

கரையேறியபோது வஸ்தியான் தோல்பையை முகத்துக்குத் தூக்க மறந்துபோய், “அடிச்சாச்சால?” என்று நேராகவே கேட்டார்.

“அடிக்கல.”

“அப்போ கோவத்துக்கு என்ன செய்யப்போற?”

“வீட்டுக்குப் போயி கேக்கப்போறேன்.”

“என்னத்த?”

தஸ்நேவிசுக்கு அதற்குச் சரியான வார்த்தை வாயில் வரவில்லை. ஊரிலும் யாருக்கும் வராது. அவன் நடந்தான். வஸ்தியான் பின்னாலேயே நடந்தார். அதற்குப் பின்னால் காசிம் பாய், அண்ணன் தம்பிகள், உபதேசியார், இரண்டு பாட்டிகள் என்று, எப்படித்தான் கேட்கிறான் பார்ப்போம் என்று, இடைவெளி குறையாமல் ஒரு ஊர்வலமே வந்து அவன் வீட்டு வேலிக்கு வெளியே நின்றது.

பிரகாசி முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முன்னால் போய் நின்றான். வேறு எதுவும் தெரியாததால், பூசையில் செய்கிறபடி வலது கையால் நெஞ்சில் தட்டிக்கொண்டு, “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே,” என்றான்.

பிரகாசி செடியைப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்தாள்.

“அது ஆண்டவருக்குச் சொல்லுதது,” என்றாள். “எனக்கு என்ன?”

“சட்டிய எடுத்தது தப்பு.”

“எடுத்தது மட்டுமா?”

“அதுல போயி பேட்டரித் தகட்ட உருக்குனது. ஒங்கிட்ட கேக்காதது.” அவன் யோசித்தான், இன்னும் ஒன்று இருந்தது, அதுதான் வெளியே வர மறுத்தது. “சட்டிதானேன்னு சொன்னேன். நீ இல்லாதப்போ. யாரும் கேக்கல, ஆனா சொன்னேன். பதினோரு வருசம் நீ பாத்துப் பாத்து வச்சிருந்தத, சட்டிதானேன்னுட்டேன்.”

பிரகாசி இறாலைக் கீழே வைத்தாள்.

“சரி, சட்டி முடிஞ்சுது,” என்றாள். “அடுத்தது?”

“அடுத்ததா? வேற என்ன இருக்கு? மத்ததெல்லாந்தான் அப்பப்பவே காத்து தின்னுட்டுதே.”

“காத்தா தின்னுது?” பிரகாசி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். “ஒரு காத்தும் ஒண்ணையும் திங்கல. நான்தான் முழுங்குனேன். நீங்க மூணு நாளு, அஞ்சு நாளுன்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டே சுத்துவீங்க, எனக்கே பாவமா இருக்கும், சரி போகட்டும்னு முழுங்கிட்டு, சாப்பிட வாங்கன்னு சொல்லுவேன். நீங்க காத்து நல்லா அடிச்சிதுன்னு வந்து உக்காந்து சாப்பிடுவீங்க. இப்ப முழுங்க முடியல. தொண்டையிலயே நிக்குது, கரையவும் மாட்டேங்குது. எல்லாம் அப்படி அப்படியே இருக்கு.”

தஸ்நேவிசுக்கு வெட்கமாக இருந்தது; காய்ச்சல் வந்தவன்போல் காது இரண்டும் சுட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவன் ஒரு அட்டவணையை நம்பி வந்திருக்கிறான், அந்த அட்டவணைக்குள் இருந்தது இவள். அவன் சுற்றுமுற்றும் பார்த்து, கோழிக்கூட்டின் மேல் கிடந்த இன்னொரு முக்காலியை எடுத்துவந்து, அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

“நீ சொல்லு,” என்றான். “எனக்கு ஞாபகம் இல்ல.”

அவள் சொன்னாள். அடுத்த ஊர்த் திருவிழாவில் அவளைக் கூட்டத்தில் மறந்து விட்டுவிட்டு, யாரோ ஒருத்தியின் குடையை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்ததைச் சொன்னாள். அவன் அதற்கு, தப்புதான் என்றான். அவள் அம்மா வந்திருந்தபோது எஞ்சினுக்கு அடியிலிருந்து தலையைக்கூட வெளியே எடுக்காமல் ‘வாங்க’ என்றதைச் சொன்னாள். அதற்கும் தப்புதான் என்றான். காய்ச்சலில் கிடந்தவளிடம் ஸ்பானரைப் பிடிக்கச் சொன்னது, அவள் வைத்த ரோஜாச்செடித் தொட்டியில் கழிவெண்ணெய் ஊற்றியது, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளுக்கு வாங்கிவந்த மாங்காயை வழியிலேயே பாதி தின்றது என்று அவள் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றுக்கும், எதையும் தள்ளிவிடாமல், என்ன செய்தானோ அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, தப்புதான் என்றான். குடைக்காரி ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே வந்து குடையைக் கேட்டு, பிரகாசியை யார் என்று விசாரித்ததைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், இறால் கை என்பதால் கண் இன்னும் எரிந்தது.

வேலிக்கு வெளியே வஸ்தியான் தோல்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

“வஸ்தியான் அண்ணாச்சி,” என்றாள் பிரகாசி திரும்பாமலே, “ஒங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருக்காங்கல்லா?”

“இருக்கா.”

“நாப்பத்தோரு வருசமா இருக்காங்க.”

வஸ்தியான் காகிதத்தைப் பார்த்தார், அது சிறியதாக இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “எலே தஸ்நேவிசு, மொதல்ல நெஞ்சுல தட்டணுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி. முக்காலி போட்டு உக்காந்திருங்க, அது போதும்.”

அவர் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக, சிலர் வேகமாகவும் சிலர் கால் வராமலும், வேலியை விட்டு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவில் முக்காலிகள் இழுபடுகிற சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் கேட்டது. வெயில் முருங்கை மரத்தைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. பிரகாசி தண்ணீர் குடித்தாள், செம்பை அவனிடம் நீட்டினாள். அவனும் குடித்தான்.

“முடிஞ்சுதா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

“இதுவரைக்கும் சொன்னது கல்யாணமான மொத வருசம்,” என்றாள் பிரகாசி.

அவன் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, உரிக்காத இறாலில் பாதியைத் தன் பக்கம் எடுத்துவைத்துக்கொண்டான்.